பாம்பன் பாலம் ஏறும் ரயிலுக்கு பிரேக் டெஸ்ட் எப்படி?

ராமேஸ்வரம் போகும் ரயில் மண்டபத்தைத் தாண்டியதும் பயணிகள் எல்லோரும் ஜன்னல் பக்கம் வந்துவிடுவார்கள். இருபுறமும் கடல், கையில் செல்போன். அந்த நேரத்தில் லோகோ பைலட்டின் கவனமெல்லாம் சிக்னலிலும் பிரேக் அழுத்தத்தைக் காட்டும் கேஜிலும்தான் இருக்கும்.

காரணம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் நீளம் 2.07 கிலோமீட்டர். அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரு பகுதி, கப்பலுக்கு வழிவிட லிஃப்ட் போல நேராக மேலே எழும். அப்போது ரயில் வெளியே நின்றாக வேண்டும். பாலத்தில் ரயிலுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 75 கிலோமீட்டர். தூக்குப் பகுதியில் 50தான். ஆக, நிற்கவும் வேகம் குறைக்கவும் பிரேக் சொன்னபடி கேட்க வேண்டும்.

பின்னால் வருவது தள்ளும்

ஒரு இன்ஜினால் ஆயிரம் டன்னுக்கு மேல் இழுக்க முடியும். ஆனால், தன் சக்கரங்களை மட்டும் பிடித்து அவ்வளவு எடையை நிறுத்துவது கடினம். இன்ஜின் நிற்க நினைத்தாலும், பின்னால் வரும் பெட்டிகள் அதை முன்னே தள்ளும். அதனால்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி பிரேக் உண்டு.

எல்லாப் பெட்டிகளையும் இணைத்து ஒரு பிரேக் பைப் ஓடுகிறது. அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அளவில் காற்றழுத்தம் இருக்கும். அழுத்தத்தைக் குறைத்தால், ஒவ்வொரு பெட்டியின் தொட்டியிலும் சேமித்து வைத்த காற்று பிரேக்கைப் பிடிக்கும். நடுவில் பெட்டி கழன்றாலும், பைப் அறுந்தாலும் காற்று வெளியேறி பிரேக் தானாகவே விழும். அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது.

தானாக விழும் பிரேக் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே 1889 ஜூன் 12 அன்று, சுற்றுலா சென்ற குழந்தைகள் நிறைந்த ரயில் ஒன்று மேட்டில் ஏற முடியாமல் நின்றது. ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டுபோக முடிவெடுத்தார்கள். பிரித்ததும் பின்பாதிக்குக் கை பிரேக்கும், சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கற்களும்தான் துணை. அவை தாங்கவில்லை. பெட்டிகள் பின்னோக்கி உருண்டு அடுத்த ரயிலில் மோதின. சுமார் 80 பேர் இறந்தார்கள். பயணிகள் ரயில்களுக்குத் தானியங்கி பிரேக் கட்டாயம் என்ற சட்டம் அதே ஆண்டு வந்தது.

இரண்டு சோதனைகள்

நம் ரயில்களில் இன்ஜினை மாட்டியதும் முதலில் 'கன்டினியூட்டி டெஸ்ட்'. லோகோ பைலட் அழுத்தத்தைக் குறைப்பார். கடைசிப் பெட்டியில் இருக்கும் ரயில் மேலாளரின் கேஜிலும் முள் இறங்க வேண்டும். இறங்கினால், பைப் கடைசி வரை தடையின்றி இருக்கிறது என்று அர்த்தம்.

ரயில் புறப்பட்டு வேகம் பிடித்ததும் 'பிரேக் ஃபீல் டெஸ்ட்'. லேசாக பிரேக் போட்டு, வேகம் குறைகிறதா, எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று பார்ப்பார்கள். நிற்கும்போது கேஜ் காட்டியது, ஓடும்போதும் உண்மைதானா என்று உறுதி செய்யும் சோதனை இது. ஒரே இன்ஜினாக இருந்தாலும் பெட்டிகளின் எண்ணிக்கை, சுமையைப் பொறுத்து பிரேக்கின் போக்கு மாறும். அதனால்தான் நேற்று பார்த்தது இன்றைக்குச் செல்லாது.

டிராக்டருக்கும் இதே பாடம்

ராமநாதபுரம் மாவட்டச் சாலைகளில் விறகும் கரியும் உப்பும் ஏற்றிப் போகும் டிராக்டர்களைப் பார்க்கலாம். டிரெய்லருக்கு பிரேக் இல்லையென்றால், அவசரத்தில் அது டிராக்டரைத் தள்ளித் திருப்பிவிடும். கவனிக்க வேண்டியவை:

● சாலையில் ஏறும் முன் டிராக்டரின் இடது, வலது பிரேக் பெடல்களைக் கொக்கி போட்டு இணையுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி திரும்பிவிடும்.

● டிரெய்லரில் பிரேக் இருந்தால், காலி வண்டியில் மட்டும் சோதிக்காதீர்கள். சுமை ஏற்றியபின், ஆளில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டி பிரேக் போட்டுப் பாருங்கள். டிரெய்லர் தள்ளினாலோ, ஒரு பக்கம் இழுத்தாலோ மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

● இறக்கத்தில் நியூட்ரல் கூடாது. இறங்கும் முன்பே சின்ன கியருக்கு மாறிவிடுங்கள்.

● வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். சுமை ஏற்றிய நாளில் முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே அதற்கேற்ற இடைவெளி விடுங்கள்.

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். சாலையில் எதிரே சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் பாதுகாப்பு.