ஸ்பார்க் பிளக்கின் தளர்ச்சியும் எஞ்சின் மரைச் சேதமும்

விவசாயத்தில் காலந்தவறிச் செய்யும் வேலை பாதிப் பலனையே தரும். நெற்பயிரில் கதிர் வெளிவரும் தருணத்தில் நீரிறைக்கும் எஞ்சின் இரண்டு தினங்கள் நின்றுவிடின், அதனால் ஏற்படும் நஷ்டத்தைப் பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சியும் ஈடு செய்ய இயலாது. இத்தகைய நஷ்டத்திற்குப் பெரிய கோளாறே காரணமாயிருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்பார்க் பிளக் சற்றே தளர்ந்திருப்பதைக் கவனியாது விடுவதும், கவனித்த பின்பு அதைப் பலங்கொண்ட மட்டும் முறுக்குவதும் ஒரு நல்ல எஞ்சினைப் பட்டறைக்கு அனுப்பப் போதுமானவை.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்று அழுத்தப்படும்போது உண்டாகும் உஷ்ணத்தினாலேயே அதில் எண்ணெய் தீப்பற்றுகிறது. பெட்ரோலினால் இயங்கும் சிறு நீரிறைப்பு எஞ்சின், களை எடுக்கும் யந்திரம், புதர் வெட்டும் யந்திரம், விசைத் தெளிப்பான் ஆகியவற்றிலோ தீப்பொறியை அளிப்பது பிளக்கே. ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் என்பவரின் தொழிற்சாலை 1902-ம் ஆண்டில் உயர் மின்னழுத்த மாக்னெட்டோவுடன் பிளக்கை வெளியிட்ட பின் இம்முறை நன்கு நிலைபெற்றது.

பிளக்கின் மூன்று கடமைகள்

தீப்பொறி தருவது பிளக்கின் ஒரு கடமை மட்டுமே. சிலிண்டரின் அழுத்தம் வெளியேறாமல் துவாரத்தை அடைப்பது இரண்டாவது. தன்மீது படும் உஷ்ணத்தை மரையின் வழியாகவும் வாஷரின் வழியாகவும் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துவது மூன்றாவது. தளர்ந்த பிளக் இவ்விரண்டையும் செய்யாது.

சாதாரணமாக வழங்கும் பிளக்கின் மரை 14 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. புரிக்குப் புரி இடைவெளி 1.25 மில்லிமீட்டர். எரியும் வாயுவின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ என்று கொண்டால், அத்துவாரத்திலுள்ள பிளக்கை வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 46 கிலோவாகும். நிமிஷத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றும் நான்கு வீச்சு எஞ்சினில் இவ்விசை நிமிஷத்திற்கு 1,500 தடவை மோதுகிறது. ஹெட் மிருதுவான அலுமினியம், பிளக்கோ எஃகு. தளர்ந்த பிளக் ஒவ்வொரு மோதலிலும் சிறிது அசைந்து அலுமினிய மரையை அரித்துவிடுகிறது. மரை முற்றும் தேய்ந்த பின் பிளக் தெறித்து வெளியேறி, அருகில் நிற்பவரைக் காயப்படுத்தவும் கூடும்.

உஷ்ணம் கடத்தப்படாவிடில் பிளக்கின் நுனி பழுக்கக் காய்ந்து, பொறி தோன்றுமுன்னரே பெட்ரோல் வாயுவைக் கொளுத்திவிடும். இதனால் பிஸ்டனின் தலை உருகித் துளை விழுவதும் உண்டு. அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகும் உலோகம் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தளர்ச்சியின் அடையாளங்கள்

எஞ்சின் ஓடும்போது பிளக்கின் அடியில் 'சீத் சீத்' என்ற ஓசை, அடிப்பாகத்தைச் சுற்றி எண்ணெய் கலந்த கரி, கிளப்புவதில் சிரமம், சுமை ஏற்றியவுடன் வலுக்குறைவு ஆகியவை அடையாளங்கள். சந்தேகம் தோன்றின், எஞ்சின் ஆறிய பின் சுவிட்சை நிறுத்தி, பிளக்கின் அடியில் சோப்பு நீரைத் தடவிக் கிளப்பும் கயிற்றை மெதுவாக இழுக்க வேண்டும். குமிழிகள் தோன்றினால் கசிவு உண்டென்பது திண்ணம்.

செய்ய வேண்டியவை

சூடாயுள்ள எஞ்சினில் பிளக்கை இறுக்குவதோ கழற்றுவதோ கூடாது. அலுமினியம் சூட்டில் இளகியிருக்குமாதலின், அச்சமயத்தில் மரை உரிந்து பிளக்கோடு வந்துவிடும். நன்கு ஆறவிட்டு, கம்பியைப் பிடித்திழுக்காமல் தொப்பியைப் பிடித்துக் கழற்றி, பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் அகற்றிய பின்னரே ஸ்பேனரை வைக்க வேண்டும். கழற்றிய பிளக்கின் மரையில் வெள்ளிய அலுமினியத் துணுக்குகள் ஒட்டியிருப்பின், ஹெட்டின் மரை கெட்டுவருகிறது என்று அறியலாம்.

மரை நலமாயிருப்பின் பிளக்கை மீண்டும் பொருத்தும் முறை வருமாறு:

1. பிளக்கின் தலையில் ஒரு சிறு ரப்பர்க் குழாயைச் செருகி, அதைப் பிடித்துக் கையாலேயே திருக வேண்டும். முதலில் சிறிது இடப்புறமாகத் திருப்பின் புரி அமர்வது கைக்குத் தெரியும். அதன் பின் வலப்புறம் திருப்புக. பிளக் கோணலாக ஏறினால் ரப்பர்க் குழாய் வழுக்கி எச்சரிக்கை செய்யும். ஸ்பேனரோ மரையை வெட்டிக்கொண்டு போய்விடும்.

2. கடைசிவரை கையால் திருகி வாஷர் ஹெட்டைத் தொட்ட பின்பே ஸ்பேனரை எடுக்க வேண்டும். 14 மில்லிமீட்டர் பிளக்கில் வாஷர் புதிதாயின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்று வரை இறுக்கினால் போதும். முன்னரே நசுங்கிய பழைய வாஷராயின் கடிகார முள் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு நகரும் அளவே, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கே, தேவை.

3. இறுக்கத்தை அளப்பதாயின், அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீட்டர் பிளக்கிற்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் தக்கது. 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 13 முதல் 15 கிலோ எடையளவு இழுப்பதற்கு இது சமம். 10 மில்லிமீட்டர்ச் சிறு பிளக்கிற்கு இதில் பாதியும் ஆகாது. எஞ்சினுடன் வந்த கைப்புத்தகத்தில் வேறு அளவு கூறப்பட்டிருப்பின் அதையே கொள்க.

4. மரையின் நீளமும் பொருந்த வேண்டும். 12.7 மில்லிமீட்டர், 19 மில்லிமீட்டர் என இரு நீளங்கள் பெரும்பாலும் வழங்குகின்றன. நீளமானது பிஸ்டனில் இடிக்கலாம். குட்டையானதைப் போட்டால் மிஞ்சிய மரையில் கரி அடைந்து, பின்னர் சரியான பிளக்கை ஏற்றும்போது மரை கிழியும்.

மரை கெட்டுவிட்டால்

முதல் ஓரிரு புரிகள் மட்டும் நசுங்கியிருப்பின், அதே அளவுள்ள மரை திருத்தும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, மெதுவாகச் செலுத்திச் சீர்படுத்தலாம். துணுக்குகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளிவரும்.

பெரும்பான்மைப் புரிகள் அழிந்திருப்பின், துவாரத்தைப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருளையோ, உள்ளும் புறமும் மரையுள்ள எஃகுப் புஷ்ஷையோ பொருத்த வேண்டும். பட்டறையில் தேர்ந்தவர் செய்யத்தக்க வேலை இது. உடையவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஹெட்டைக் கழற்றியே இவ்வேலை நடைபெற வேண்டும். ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பாயுள்ள சிறு எஞ்சினில் சிலிண்டரையே கழற்ற வேண்டும். இல்லாவிடில் உலோகத் துணுக்குகள் உள்ளே வீழ்ந்து சிலிண்டரைக் கீறிவிடும். மேலும், செருகிய சுருளோ புஷ்ஷோ எரியும் அறைக்குள் நீட்டிக்கொண்டிருத்தலாகாது. நீட்டிய முனை பழுத்துத் தீக்கங்குபோல் வேலை செய்யும். ஹெட்டில் வெடிப்பு காணப்பட்டால் அதை மாற்றுவதே தக்கது.

அவசரத்தில் கையாளப்படும் சில உபாயங்களை அறவே விலக்க வேண்டும். பிளக்கின் மீது நூலோ குழாய் டேப்போ சுற்றுதல், பசையிட்டு ஒட்டுதல், துவாரத்தின் ஓரத்தை உளியால் தட்டி ஒடுக்குதல், பெரிய பிளக்கை வலிந்து ஏற்றுதல் ஆகியவை ஒரு நாள் வேலையை நடத்திக் கொடுத்து, முழு ஹெட்டையும் பறித்துவிடும். நூலும் பசையும் உஷ்ணத்தின் வழியையும் அடைத்துவிடுகின்றன.

பொது யந்திரங்களுக்கு

பலர் கைமாறும் வாடகை யந்திரங்களில் இச்சேதம் மிகுதியாக நேர இடமுண்டு. ஒருவர் இறுக்கியதை மற்றவர் அறியாமல் மேலும் இறுக்குவதே அதற்குக் காரணம். ஆதலின் இவற்றைப் பொறுப்பிற் கொண்டுள்ள கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் பிளக் ஸ்பேனரை ஒருவரிடமே ஒப்புவித்து, பிளக் கழற்றிய தேதி, வாஷர் புதிதா பழையதா என்ற விவரம், மரையின் நிலை ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் பதிந்து வருவது நலம். வாடகைக்கு அனுப்பும்போதும் திரும்பப் பெறும்போதும் பிளக்கின் அடியைப் பார்க்க ஒரு நிமிஷமே ஆகும். ஒரு வாஷரும் ஒரு சாண் ரப்பர்க் குழாயும் யந்திரப் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். அவற்றுக்கு ஆகும் சொற்பச் செலவு, தண்ணீர் வேண்டிய நாளில் எஞ்சின் நிற்காமலிருப்பதற்குக் கொடுக்கும் விலையென்றே கருதத்தக்கது.