குளிர்காலச் சளியா, ஃப்ளூ காய்ச்சலா? தடுப்பூசி போட்டுக்கொள்ள ஏற்ற காலம் எது?

துவாரகா (புது டெல்லி): டெல்லியில் குளிர் தொடங்கியதும் துவாரகா உள்ளிட்ட குடியிருப்புப் பகுதிகளில் மூக்கொழுகல், தொண்டை வலி, இருமல் ஆகியவை வீட்டுக்கு வீடு காணப்படுகின்றன. காற்று மாசும் இருமலைக் கூட்டுவதால், அனைத்தையும் சாதாரணச் சளி என்று கருதிவிடும் போக்கு உள்ளது. ஆனால், இன்ஃப்ளூயன்சா எனப்படும் ஃப்ளூ காய்ச்சல் முதியவர்களுக்கும் இணைநோய் உள்ளவர்களுக்கும் உயிருக்கே ஆபத்தாகக்கூடும். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, ஃப்ளூ தொடர்பான சுவாச நோய்களால் ஆண்டுதோறும் 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை உயிரிழக்கின்றனர்.

வேறுபாடு என்ன?

சளியை 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள் உண்டாக்குகின்றன. அவற்றுள் முதன்மையானது ரைனோவைரஸ். சளி மெல்லத் தொடங்கி, பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். ஃப்ளூ காய்ச்சலோ சில மணி நேரத்தில் திடீரெனத் தாக்கும். அதிகக் காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, உடல்வலி, கடும் சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். காற்று மாசால் மட்டும் வரும் இருமலில் பொதுவாகக் காய்ச்சல் இருக்காது. எனினும், பரிசோதனையால் மட்டுமே ஃப்ளூவை உறுதி செய்ய முடியும். இவ்விரு நோய்களுமே வைரஸால் வருவதால், ஆன்டிபயாடிக் மருந்துகள் இவற்றைக் குணப்படுத்துவதில்லை.

ஆண்டுதோறும் ஏன்?

சளிக்குத் தடுப்பூசி இல்லை, ஃப்ளூவுக்கு உண்டு. ஃப்ளூ வைரஸ் தொடர்ந்து உருமாறுவதாலும், தடுப்பூசி தரும் பாதுகாப்பு நாளடைவில் குறைவதாலும் இதை ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ் என்பதால், அதனால் ஃப்ளூ வராது. கை வலியோ லேசான காய்ச்சலோ ஓரிரு நாள் இருக்கலாம். பரவும் வைரஸுடன் தடுப்பூசி நன்கு பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரை நாட வேண்டிய அளவிலான ஃப்ளூ பாதிப்பு 40 முதல் 60 சதவீதம் வரை குறைவதாக அமெரிக்க ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

டெல்லிக்கு ஏற்ற மாதம்

ஃப்ளூவைக் குளிர்கால நோயாக மட்டும் கருதுவது இந்தியாவுக்கு முழுமையாகப் பொருந்தாது. 2009 முதல் 2013 வரையிலான தரவுகளைக் கொண்டு 10 நகரங்களில் நடத்தப்பட்ட ஆய்வு 2015-இல் வெளியானது. அதன்படி, டெல்லியில் ஃப்ளூ உச்சமடைவது ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவமழைக் காலத்தில். சென்னை, வேலூரில் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும், ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும் உச்சம் காணப்பட்டது. எனவே, பெரும்பாலான இந்திய நகரங்களுக்கு ஏப்ரல், மே மாதங்களே தடுப்பூசிக்கு ஏற்றவை என அந்த ஆய்வு பரிந்துரைத்தது.

ஆயினும், ஜனவரி முதல் மார்ச் வரையிலும் நாட்டில் ஃப்ளூ அதிகரிப்பது வழக்கம். ஆகவே, கோடையில் தவறவிட்டவர்கள் குளிர் கடுமையாகும் முன் போட்டுக்கொள்வதும் பயன்தரும். பாதுகாப்பு உருவாகச் சுமார் இரண்டு வாரங்கள் ஆகும்.

யாருக்கு அவசியம்?

முதியவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், சுகாதாரப் பணியாளர்கள், நீரிழிவு, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை தேவை. ஆறு மாதம் நிறைவடையாத குழந்தைகளுக்கு இந்த ஊசி போடப்படுவதில்லை. முன்பு இதே ஊசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தேசிய இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இடம்பெறாததால், குடும்பத்தினரே நினைவில் வைத்து மருத்துவரிடம் கேட்டுப் பெறுவது நல்லது.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல் ஆகியவை தென்பட்டால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஃப்ளூவுக்கான ஓசல்டமிவிர் மருந்து, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அதிகப் பலன் தரும். அதை மருத்துவரின் பரிந்துரையின்றி உட்கொள்ளக் கூடாது.