வரப்பில் நடக்கும் காலுக்கு எந்தச் செருப்பு?

‘‘எங்கள் அம்மா தினமும் ஆடு மேய்க்கவும் களையெடுக்கவும் போகிறார். வாங்கிக் கொடுக்கும் ரப்பர் செருப்பு இரண்டே மாதத்தில் வார் அறுந்துவிடுகிறது. கால் வலிக்காத, நாள்பட உழைக்கிற செருப்பை எப்படிப் பார்த்து வாங்குவது?’’

ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உரம், விதை, பூச்சி என்றே கேள்விகள் வரும் பக்கத்தில் இப்படி ஒன்று வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. கலப்பையில் கொழு தேய்ந்தால் உடனே மாற்றுகிறோம். வீட்டுப் பெண்களின் செருப்போ ஊக்கு குத்திய பிறகும் ஆறு மாதம் ஓடுகிறது.

முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள். கடையில் ‘ரப்பர் செருப்பு’ என்று கேட்டால் இரண்டு வகையையும் கலந்தே எடுத்துப் போடுவார்கள். ஒன்று ரப்பர். இன்னொன்று இ.வி.ஏ. என்கிற நுரைப்பொருள். கையில் தூக்கினாலே தெரியும், இ.வி.ஏ. பஞ்சுபோல் லேசாக இருக்கும், ரப்பர் கனக்கும். லேசான செருப்பு கடைக்குள் நாலு அடி நடக்கச் சுகமாகத்தான் இருக்கும். கட்டைவிரல் நகத்தால் அதை அழுத்திப் பாருங்கள். விழுந்த பள்ளம் எழும்பாமல் கிடந்தால், குதிகால் படும் இடத்திலும் சில வாரங்களில் அதே பள்ளம் விழும். வெயிலில் கிடந்தால் சுருங்கவும் செய்யும். வீட்டுக்குள் போட அது போதும். காட்டு வேலைக்கு ரப்பரே நல்லது. ஈர வரப்பிலும் வழுக்காமல் பிடிக்கும். நுனியையும் குதியையும் சேர்த்து மடக்கிவிடுங்கள். உடனே நிமிர வேண்டும். மடங்கிய இடத்தில் வெடிப்பு தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

அடியில் உள்ள வரிகள் அகலமாக, இடைவெளிவிட்டு இருக்கட்டும். நெருக்கமான வரிக்குள் மண் அப்பிக்கொண்டால் பிடிமானம் போய்விடும். (மழை பெய்த கரிசலில் எந்தச் செருப்பும் உதவாது. கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.)

ஆடு மேய்ப்பவர் என்பதால் முள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீமைக்கருவேல முள் மெல்லிய ரப்பரைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும். அடிப்பாகம் சுண்டுவிரல் பருமனாவது இருக்க வேண்டும். உங்கள் பக்கத்தில் டயர் செருப்பு தைக்கும் தொழிலாளி இருந்தால் அதுவே மேல். கனம் அதிகம், அழகு கிடையாது. ஆனால் முள் எளிதில் ஏறாது, வருடக்கணக்கில் உழைக்கும்.

அடுத்து வார். அறுவது பெரும்பாலும் வாரின் நடுப்பட்டை அல்ல. விரலிடுக்கில் இறங்கும் காம்புதான். அந்த இடம் கனமாக இருக்கிறதா பாருங்கள். அடியிலுள்ள குமிழ் ஓட்டைக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். காம்பை விரலால் தடவி, பிசிறு இருந்தால் வைத்துவிடுங்கள். அந்தப் பிசிறுதான் விரலிடுக்கை அறுக்கும். வார் மட்டும் தனியாகக் கிடைக்கிற வகையாக வாங்கினால், அறுந்தாலும் சில ரூபாயில் மாற்றிவிடலாம். ஊக்கு ஒருநாள் வீடு வந்து சேர்வதற்கு மட்டும்தான்.

வயலில் நடந்து பழகிய கால், விரல் விரிந்து அகலமாக இருக்கும். பெண்களுக்கென்று விற்கும் பல செருப்புகள் முன்பக்கம் ஒடுங்கியவை. சுண்டுவிரல் மண்ணில் இழுபட்டால் கூச்சப்படாமல் ஆண்கள் செருப்பை வாங்குங்கள். நான் வயலாய்வுக்குப் போட்டு நடப்பதும் அதுதான். அம்மா கடைக்கு வர முடியாவிட்டால், அவரை நிற்க வைத்து ஒரு ஈர்க்கில் கால் நீளத்தை ஒடித்து எடுத்துப் போங்கள். மாலையில் அளந்தால் நல்லது, நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். குதிகாலுக்குப் பின்னால் அரை விரல் அகலம் மிச்சம் இருக்கட்டும்.

கேள்வியில் இல்லாத ஒன்றை நான் கேட்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா?

சில வருடங்களுக்கு முன் ஒரு நிலக்கடலை வயலில், களையெடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் செருப்பில் ரத்தத்தைப் பார்த்தேன். வார் உரசி விரலிடுக்கு கிழிந்திருந்தது. ‘‘வலிக்கலையாம்மா?’’ என்றேன். ‘‘சக்கரை வந்ததுலேர்ந்து காலு மரத்துக் கெடக்கு மேடம்’’ என்றார். பிறகு அந்த விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

கால் மரத்தவர்களுக்கு விரலிடுக்கு வார் வைத்த செருப்பே ஆகாது. செருப்பு கழன்று விழுந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள். உள்ளே மெத்தென்ற ரப்பர் வைத்து, காலைச் சுற்றிப் பட்டையும் குதிகாலுக்குப் பின்னால் வாரும் இருக்கும். எங்கே கிடைக்கும் என்பதை அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோய் மருத்துவரிடம் கேட்கலாம். விலை கூடுதல்தான், புண்ணுக்கு ஆகும் செலவோடு வைத்துப் பாருங்கள். இரவு படுக்கும் முன் இரண்டு பாதத்தையும் விரலிடுக்கையும் வீட்டில் யாராவது பார்க்க வேண்டும்.

மருந்து தெளிக்கும்போது எந்தச் செருப்பும் போதாது, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் தேவை. இருட்டில் வரப்புக்குப் போனால் கையில் டார்ச் இருக்கட்டும். விரியன் பாம்புகள் பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் கடிக்கின்றன.

நடவு நேரத்தில் சேற்றுப்புண் இருந்தால் அது ஆறும்வரை விரலிடுக்கு வார் வேண்டாம். செருப்பைக் கழுவி நிழலில் காய வையுங்கள். வாரம் ஒருமுறை உள்பக்கத்தைக் கையால் அழுத்தித் தடவிப் பாருங்கள். அடியில் ஏறி ஒடிந்த முள், நான்கு நாள் கழித்துக்கூட மேலே வந்து குத்தும். நுனி தட்டுப்பட்டால் குறடால் அடிப்பக்கமாகப் பிடுங்கிவிடுங்கள்.