பழைய ரூட்டருக்குள் இவ்வளவு ஆஸ்திரேலியாவா? தெரியுமா?

மெல்பர்னில் டாண்டினாங், கிளேட்டன் பக்கம் 'ஹார்டு ரப்பிஷ்' எடுக்கும் நாள் நெருங்கினால் வாசல் புல்தரையைக் கவனித்திருக்கிறீர்களா? கால் உடைந்த நாற்காலி, காற்றுப் போன சைக்கிள், நடுவே இரண்டு கொம்பு முளைத்த ஒரு ரூட்டர். சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி தெருக்களிலும் கவுன்சில் கிளீன்-அப் வந்தால் இதே காட்சிதான். அந்தப் பெட்டி ஒரு முழுக் கணினி என்பது தெரியுமா? பிராசசர் உண்டு, மெமரி உண்டு, உள்ளே ஓடுவதும் பெரும்பாலும் லினக்ஸ்தான். கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்திவிட்டால் பெட்டி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெட்டியை இயக்கும் உள்நிரலான பழைய ஃபர்ம்வேரைத் துடைத்துவிட்டு, நாமே கட்டிய லினக்ஸை ஏற்றி இன்னும் பல வருஷம் ஓட்டலாம். அப்படி ஏற்றும் லினக்ஸைப் பிரித்துப் பார்த்தால் அடுக்குக்கு ஓர் ஆஸ்திரேலியர் உட்கார்ந்திருக்கிறார். அதுதான் இன்னும் பெரிய வியப்பு!

முதலில் இந்தக் கூத்து எப்படித் தொடங்கியது? 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலக் கறுப்பு ரூட்டரை விற்பனைக்கு விட்டது. 125 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 16 எம்பி மெமரி, 4 எம்பி ஃபிளாஷ். அவ்வளவுதான். மறு வருஷம் மார்ச்சில் சிஸ்கோ அந்தக் கம்பெனியையே வாங்குவதாக அறிவித்தது. ஜூனில் ஆண்ட்ரூ மிக்லாஸ் என்பவர், 'இந்தப் பெட்டிக்குள் லினக்ஸ் ஓடுகிறது, ஆனால் அதன் மூலநிரலைக் காணோமே' என்று லினக்ஸ் கெர்னல்காரர்களிடம் போட்டு உடைத்தார். ஜிபிஎல் உரிமப்படி, லினக்ஸை வைத்துப் பொருள் விற்பவர் கேட்பவருக்கு நிரலைக் கொடுத்தாக வேண்டும். சிஸ்கோவின் கைக்குப் போன லிங்க்சிஸும் கொடுத்தது! அந்த நிரலிலிருந்துதான் 2004 ஜனவரியில் ரூட்டர்களுக்கான லினக்ஸான ஓப்பன் டபிள்யூஆர்டி முளைத்தது.

நிரல் கிடைத்துவிட்டது, சரி. பூட்டிய பெட்டிக்குள் அதை எப்படி நுழைப்பது? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த கதை வருகிறது. அந்த ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், இணையம் வருகிறதா என்று சோதிக்க 'பிங்' கட்டம் ஒன்று இருந்தது. அதில் ஒரு முகவரி அடித்தால், பெட்டி அதை அப்படியே தன் கட்டளை ஓட்டியிடம் கொடுத்துவிடும். முகவரிக்குப் பதிலாக ஓர் அரைப்புள்ளி போட்டு, பின்னால் கட்டளை அடித்தால்? அதையும் கேள்வி கேட்காமல் ஓட்டிவிடும்! கட்டத்தில் இடைவெளி விட முடியாது என்றபோது, இடைவெளிக்குப் பதில் வேறொரு குறியைப் போட்டார்கள். நீளமான பெயர்களை அடிக்க இடம் போதாதபோது நட்சத்திரக் குறியால் சுருக்கினார்கள். இப்படி நாலே வரியில் 'பூட் வெயிட்' என்ற அமைப்பைத் திருப்பிவிட்டால் போதும். அதன்பின் மின்சாரம் கொடுத்ததும் பெட்டி சில விநாடி வாசலில் நின்று, யாராவது புது ஃபர்ம்வேர் அனுப்புகிறார்களா என்று பார்க்கும். அந்த நேரத்துக்குள் கணினியிலிருந்து டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக அனுப்பிவிட வேண்டும். தவறவிட்டால் ஒன்றும் குடி முழுகாது, பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகலாம். கம்பெனி கவனிக்காமல் விட்ட ஓட்டைதான் பெட்டியின் ஆயுளை நீட்டியது!

கட்டுவதும் கொஞ்சம் விசித்திரமான வேலைதான். நம் லேப்டாப் பெரும்பாலும் இன்டெல் மொழி பேசும், இந்தப் பெட்டி மிப்ஸ் மொழி பேசும். அதனால் ஓப்பன் டபிள்யூஆர்டி முதலில் உங்கள் லேப்டாப்பிலேயே மிப்ஸுக்கான கம்பைலரைக் கட்டிக்கொள்கிறது. பிறகு அந்தக் கம்பைலரால் கெர்னல், ஷெல், ஃபயர்வால், அமைப்புப் பக்கம் எல்லாவற்றையும் கட்டுகிறது. அத்தனையும் சேர்ந்து 4 எம்பிக்குள் அடங்க வேண்டும்! அடங்குகிறது, தெரியுமா? மூல அமைப்பு 'ஸ்குவாஷ்எஃப்எஸ்' என்ற அழுத்திய, மாற்ற முடியாத அடுக்கில் கிடக்கும். நீங்கள் மாற்றுவதெல்லாம் அதன்மேல் தனி அடுக்கில் எழுதப்படும். ஏடாகூடமாக எதையாவது மாற்றிப் பெட்டிக்குள்ளேயே நுழைய முடியாமல் போனால், தொடங்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மேல் அடுக்கை ஒதுக்கிவிட்டு அடி அடுக்கோடு எழுந்து நிற்கும். பெட்டியை எழுப்பிவிடும் பூட்லோடரே அழிந்துபோனால்தான் மூடியைக் கழற்றி, போர்டில் கம்பி பற்றவைக்க வேண்டி வரும்.

இன்னொரு வேடிக்கை. ஆஸ்திரேலிய வீடுகளுக்கு டெல்ஸ்ட்ரா கொடுத்த டெக்னிகலர் மோடங்கள் இருக்கின்றனவே, அவற்றின் ஃபர்ம்வேரும் ஓப்பன் டபிள்யூஆர்டியின் மேல் கட்டப்பட்டதுதான். எதை ஏற்ற வேண்டும் என்று ஆர்வலர்கள் தவிக்கிறார்களோ, அது ஏற்கெனவே உள்ளே பூட்டிக் கிடக்கிறது!

சரி, இப்போது அடுக்குகளைப் பிரிப்போம். வைஃபையிலிருந்து தொடங்கலாம். ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவுக்குச் சிட்னி மார்ஸ்ஃபீல்டில் உள்ள ரேடியோ ஆய்வகத்தில் ஜான் ஓ'சல்லிவன் என்ற வானியல் பொறியாளர் இருந்தார். 1970களில் அவர் நெதர்லாந்தில் தேடியது வெடித்துச் சாகும் குட்டிக் கருந்துளைகளின் ரேடியோ அலைகளை. ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் கலங்கிப்போன அலைகளைத் தெளிவாக்கும் கணக்கு கைவசமானது. பிற்காலத்தில், வீட்டுச் சுவரிலும் பீரோவிலும் மோதி எதிரொலித்துக் குழம்பும் அலைகளை ஒழுங்காக்க அந்த அனுபவம் உதவியது. அவரும் சகாக்களும் 1992ல் ஆஸ்திரேலியாவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1996ல் அமெரிக்கக் காப்புரிமையும் வந்தது. வழக்குப் போட்டுப் போட்டு, உலகக் கம்பெனிகளிடமிருந்து சிஎஸ்ஐஆர்ஓ வசூலித்த தொகை 43 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்! 'வைஃபையையே நாங்கள்தான் கண்டுபிடித்தோம்' என்று இங்கே சிலர் மார்தட்டுவது கொஞ்சம் அதிகம்தான். எத்தனையோ நாட்டார் கைவைத்த தொழில்நுட்பம் அது. ஆனால் எதிரொலிச் சிக்கலுக்கான தீர்வில் மார்ஸ்ஃபீல்டுக்குப் பெரிய பங்கு உண்டு, அதில் சந்தேகமில்லை. பக்கத்திலேயே மக்குவாரி பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பிய ரேடியாட்டா என்ற சிப் கம்பெனியை வாங்க சிஸ்கோ சுமார் 56 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு ஒப்புக்கொண்டது 2000ஆம் ஆண்டில். ஆமாம், பிறகு லிங்க்சிஸை வாங்கிய அதே சிஸ்கோ!

வீட்டிலுள்ள டிவி, போன், லேப்டாப் எல்லாம் ஒரே முகவரியில் வெளியே போய் வர உதவியது லினக்ஸின் ஐபிடேபிள்ஸ். அதை எழுதத் தொடங்கியவர் ரஸ்டி ரஸ்ஸல் என்ற ஆஸ்திரேலியர். ஓப்பன் டபிள்யூஆர்டி 2022ல்தான் அதை விட்டு வேறொன்றுக்கு மாறியது. இதே ரஸ்டிதான் 1999ல் மெல்பர்னில் ஆஸ்திரேலிய லினக்ஸ்காரர்களின் முதல் மாநாட்டைத் தன் சொந்த கிரெடிட் கார்டை நம்பி நடத்தினார். வீட்டில் கேட்டுவிட்டுச் செய்தாரா என்று தெரியவில்லை!

பெட்டிக்குள் தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய ஒரு எஸ்எஸ்ஹெச் நிரல் வேண்டும். ஓப்பன் டபிள்யூஆர்டியில் அது 'டிராப்பேர்'. டிராப் பேர் என்றால் என்ன தெரியுமா? மரக்கிளையிலிருந்து சுற்றுலாப் பயணிகளின் தலையில் குதித்துக் கடிக்கும் ராட்சதக் கோலா! அப்படியொரு விலங்கே கிடையாது. நம்மூரில் பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி காட்டுவதுபோல, வெளிநாட்டாருக்கு ஆஸ்திரேலியர்கள் காட்டும் பூச்சாண்டி அது. இதில் சிட்னியின் ஆஸ்திரேலிய அருங்காட்சியகமும் கூட்டு. லத்தீன் பெயர் சூட்டி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் அதற்கு ஒரு விலங்கியல் குறிப்பே எழுதி வைத்திருக்கிறது! அந்தப் பெயரை 2003ல் தன் நிரலுக்கு வைத்தவர் பெர்த் நகரத்து மாட் ஜான்ஸ்டன். பெயர்தான் பயங்கரம், உருவம் ஒடிசல். சுருக்கிக் கட்டினால் சுமார் 110 கேபிதான். அதனால்தான் 4 எம்பி பெட்டிகளில் அதற்கு இடம் கிடைத்தது.

ரூட்டரின் யூஎஸ்பியில் ஒரு டிஸ்க்கைச் செருகி, விண்டோஸ் கணினியில் திறக்கிறீர்களா? நடுவில் நிற்பது சாம்பா, கான்பெராவில் மாணவராக இருந்தபோது ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கியது. அதே கான்பெராவில்தான் 1993ல் ஒரு சின்னப் பென்குயின், லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸைக் கடித்தது. லினக்ஸுக்குப் பென்குயின் சின்னம் வந்த கதையில் அந்தக் கடிக்கும் இடமுண்டு!

மெல்பர்ன்காரர்கள் இதுவரை பொறுமையாக இருந்தது போதும். கான் கோலிவாஸைத் தெரியுமா? தொழில்முறைப் புரோகிராமர் இல்லை, ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்! பிராசசரின் நேரத்தை நிரல்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்று தானாகப் படித்துக் கற்று, லினக்ஸுக்கு நியாயமான பங்கீட்டு முறை ஒன்றை எழுதினார். 2007ல் கெர்னலுக்குள் போனது அவருடையது அல்ல, ஹங்கேரிக்காரர் இங்கோ மோல்னார் எழுதியது. ஆனால் நியாயமாகப் பங்கிட முடியும் என்று காட்டியவர் கோலிவாஸ்தான் என மோல்னாரே பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். டாக்டர் வெறுத்துப்போய் விலகினார். 2009ல் இன்னொரு பங்கீட்டு நிரலோடு திரும்பியும் வந்தார்!

ஆபீஸ்கள் கழித்துக்கட்டும் பெரிய ஃபயர்வால் பெட்டிகளுக்கும் மறுபிறவி உண்டு. அவற்றில் பலர் ஏற்றுவது லினக்ஸ் அல்ல, ஃப்ரீபிஎஸ்டியில் கட்டிய பிஎஃப்சென்ஸ். மகள் போட்டோக்களை ஏற்றும்போது ஊரில் இருக்கும் அம்மாவோடு பேசும் வீடியோ திக்கித் திணறுகிறதல்லவா? அந்த வரிசை நெரிசலைத் தீர்க்கும் முறையை ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுவந்தது மெல்பர்ன் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தின் கிரென்வில் ஆர்மிட்டேஜ் குழு.

மற்ற ஊர்களும் சும்மா இல்லை. மெமரி மேலாண்மைப் பகுதியே இல்லாத மலிவு சிப்பில் லினக்ஸை ஓட்டும் யூசிலினக்ஸை வளர்த்து, வீட்டு ஃபயர்வால் பெட்டியாக விற்றது பிரிஸ்பேன் கூட்டம். ஸ்னாப்கியர் என்ற அந்தக் கம்பெனி கைமாறிக் கைமாறி 2008ல் மெக்கஃபீயிடம் போய்ச் சேர்ந்தது. அடிலெய்டின் ராட் விட்பி தலைமையில் உலகம் முழுக்க ஒரு குழு, லிங்க்சிஸின் என்எஸ்எல்யூ2 என்ற சின்னச் சேமிப்புப் பெட்டியில் முழு டெபியன் லினக்ஸையே ஓட்டிக் காட்டியது. அந்தப் பெட்டியின் சிப் 266 மெகாஹெர்ட்ஸ் தாங்கக்கூடியது, ஆனால் கம்பெனி 133ல் ஓடும்படி கட்டிப்போட்டிருந்தது. கட்டு எது தெரியுமா? போர்டில் கடுகளவு ரெசிஸ்டர் ஒன்று. அதைப் பிடுங்கி எறிந்தால் வேகம் இரட்டிப்பு!

அடிலெய்டின் டேவிட் ரோ, தென்னாப்பிரிக்க 'வில்லேஜ் டெல்கோ' திட்டத்துக்காக 'மெஷ் பொட்டேட்டோ' என்ற பெட்டியின் மின்சுற்றை வடிவமைத்தார். சாதாரணப் போனைச் செருகினால் போதும், பெட்டிகள் தமக்குள் கைகோத்து ஊருக்கே போன் வசதி தரும். உள்ளே ஓடுவது ஓப்பன் டபிள்யூஆர்டி, திமோரின் டிலி நகரில் அதைப் பொருத்தியும் பார்த்தார்கள். இந்தியப் பக்கம் வந்தால், தர்மசாலா மலைகளில் ஏர்ஜல்தி அமைப்பு இதே லிங்க்சிஸ் ரூட்டர்களில் மாற்று ஃபர்ம்வேர் ஏற்றி ஊர் ஊராக இணையம் கொண்டுபோனது. ஆன்டெனாவில் தொங்கும் குரங்குகளையும் சமாளித்து!

இவ்வளவையும் படித்துவிட்டு உடனே ஷெட்டுக்கு ஓடுகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணைப் பாருங்கள். டபிள்யூஆர்டி54ஜியின் ஐந்தாம் பதிப்பு வெளியே அச்சு அசல் அதேதான். உள்ளே லினக்ஸையே எடுத்துவிட்டு, ஃபிளாஷையும் மெமரியையும் பாதியாக்கிவிட்டார்கள். வாங்குபவர்கள் கூச்சல் போட்டதும், 2005ல் பழைய உள்ளமைப்பையே டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக விற்றார்கள். அது பத்து வருஷம் கழித்தும் கடையில் விற்றது! இன்றைய ஓப்பன் டபிள்யூஆர்டிக்கு 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி மெமரியும் போதாது. அந்தக் காலப் பெட்டிகளுக்கு அந்தக் காலப் பதிப்புதான், அதில் இனிப் பாதுகாப்புத் திருத்தம் வராது. அவற்றை இணையத்துக்கு நேரே நிறுத்தாமல், வீட்டுக்குள் கேபிள் பிரிக்கும் ஸ்விட்சாக வைத்துக்கொள்வது உத்தமம்.

குறைந்தது 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி மெமரியும் உள்ள பெட்டி கிடைத்தால் இறங்கிப் பார்க்கலாம். ஏற்றும்போது வைஃபை வேண்டாம், கேபிள்தான். லேப்டாப்புக்கு 192.168.1.2 என்று முகவரி கொடுங்கள், பெட்டி பெரும்பாலும் 192.168.1.1ல் காத்திருக்கும். கோப்பை அனுப்பிய பிறகு விளக்குகள் கண்டபடி மின்னும். பயந்துபோய் பிளக்கில் மட்டும் கைவைக்காதீர்கள்.