பெயின்ட் அடிக்காதீங்க! - பழைய பிக்-அப் டிரக்கின் ‘பட்டினா’வைக் காப்பது எப்படி?

சுமார் 70 வயதான ஒரு பிக்-அப் டிரக். பச்சை நிறம் வெளிறி, கூரையில் செம்பழுப்பாகத் துரு படர்ந்து, கதவில் ஏதோ ஒரு கடையின் பெயர் பாதி அழிந்து கிடக்கிறது. பார்க்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் சொல்வது இதுதான்: “நல்லா சுரண்டிட்டுப் புதுசா ஒரு பெயின்ட் அடிச்சா பளபளன்னு ஆயிடுமே!”

அமெரிக்காவில் பழைய டிரக்குகளைச் சேகரிப்பவர்கள் பலர், “அதை மட்டும் செஞ்சிடாதீங்க” என்கிறார்கள். அந்த வெளிறிய தோலைத்தான் அவர்கள் ‘பட்டினா’ என்று அழைக்கிறார்கள். அதைக் காப்பாற்றுவது சும்மா விட்டுவைப்பது அல்ல. அதற்கும் முறை இருக்கிறது.

பட்டினா என்றால் என்ன?

செம்பு, வெண்கலத்தின் மீது காலப்போக்கில் படியும் பச்சைப் படலத்தைக் குறிக்கும் சொல் இது. அந்தப் படலம் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே இருப்பதைப் பாதுகாக்கும். இரும்பின் கதை வேறு. துருவில் நுண்துளைகள் உண்டு. காற்றும் ஈரமும் அதன் வழியே உள்ளே போய், அடுத்த அடுக்கையும் அரிக்கும். அதனால், டிரக்கின் ‘பட்டினா’ அழகாக இருந்தாலும் தன்னைத்தானே காத்துக்கொள்ளாது. துருவை நிறுத்த வேண்டும், ஆனால் வயதின் அடையாளத்தை அழிக்கக் கூடாது. இந்த வேலையின் சிக்கலே இதுதான்.

உதாரணத்துக்கு, 1947 முதல் 1955 தொடக்கம் வரை செவ்ரோலெட் தயாரித்த ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசையை எடுத்துக்கொள்ளலாம். இதில் அரை டன் ரகமான 3100, பண்ணைகளிலும் கடைகளிலும் உழைத்த வண்டி. முழங்கை வைத்த இடத்தில் கதவின் விளிம்பு தேய்ந்திருக்கும். மூட்டை ஏற்றிய இடத்தில் பின்தொட்டி நசுங்கியிருக்கும். கதவில் கையால் எழுதிய பெயர், அது யாரிடம் வேலை பார்த்தது என்பதைச் சொல்லும். மணல் வீச்சு முறையில் சுத்தம் செய்தால் இவை அத்தனையும் ஒரே நாளில் போய்விடும். பெயின்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். போன தோலைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவாவின் ‘டூரின் சாசனம்’ சொல்வதும் இதுதான்: முதலில் இருப்பதைக் காக்க வேண்டும், புதுப்பிப்பது அதற்குப் பிறகுதான், செய்த ஒவ்வொரு வேலையையும் பதிவு செய்ய வேண்டும்.

தண்ணீர் ஊற்றும் முன்

முதல் வேலை புகைப்படம். எழுத்து, ஸ்டிக்கர், கீறல் என எல்லாவற்றையும் படமெடுக்க வேண்டும்.

அடுத்தது எலிக்கூடு. பல ஆண்டுகள் களஞ்சியத்தில் நின்ற வண்டியில் இது நிச்சயம் இருக்கும். அமெரிக்காவின் தென்மேற்கில் மான் எலிகள் ஹான்டா வைரஸைப் பரப்பக்கூடியவை. 1993இல் அங்கே உயிர்ப்பலி வாங்கிய நோய் இது. அதனால் எச்சத்தை உலர்வாகப் பெருக்கக் கூடாது, வாக்குவம் கிளீனரும் கூடாது. கையுறை, முகக்கவசம் அணிந்து, பிளீச்சிங் கரைசலை நனைய நனையத் தெளித்து, சில நிமிடங்கள் ஊறவிட்டுத் துடைத்தெடுக்க வேண்டும்.

அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கும் வாய்ப்பு அதிகம். உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகும். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால், காற்றடித்துத் தூசியை ஊதவும் கூடாது.

எப்படிக் கழுவுவது?

பிரஷர் வாஷர் வேண்டாம்; அது உரிந்து நிற்கும் பெயின்டையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். குழாய்த் தண்ணீர், காரம் அதிகமில்லாத சோப்பு, மென்மையான துணி போதும். கதவின் அடியிலும் முன்கண்ணாடிக்குக் கீழும் உள்ள வடிகால் துளைகளில் இலைச்சருகு அடைத்திருக்கும். அதை எடுத்தாலே துருவின் பாதிக் காரணம் போய்விடும்.

இந்தப் பெயின்டின் மேல் இன்றைய கார்களில் இருப்பது போன்ற தெளிபூச்சு கிடையாது. பாலிஷ் போடும்போது துணியில் பச்சை ஏறினால், வருவது அழுக்கல்ல, பெயின்ட். எழுத்து உள்ள இடத்தில் கை வைக்கும் முன், கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

மேலோட்டமான துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலத்தின் மெல்லிய கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவதுபோலத்தான். அமிலம் துருவைக் கரைத்து எடுக்கும். ஆனால் இது நச்சு, கையுறை கட்டாயம். பிறகு நன்றாக அலசி, உடனே உலர்த்த வேண்டும். கடையில் கிடைக்கும் ‘ரஸ்ட் கன்வெர்ட்டர்’ துருவைக் கறுப்பாக மாற்றிவிடும். அடிப்பாகத்துக்குச் சரி, கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு ஆகாது.

மேலே எதைப் பூசுவது?

இங்குதான் சண்டை. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பலரின் விருப்பம். பூசியதும் நிறம் பளிச்சென்று எழும். ஆனால் பிசுபிசுப்பு போக நாளாகும், தூசி ஒட்டும், போகப்போக மஞ்சளாகும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. துணியை விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடிபோட்ட டப்பாவில் போட வேண்டும்.

மேட் கிளியர் கோட் நீண்ட நாள் தாங்கும். ஆனால் அடியில் துரு உயிரோடு இருந்தால் அது கொப்பளித்து உரியும். எடுக்க நினைத்தால் பழைய பெயின்டும் கூடவே வரும். அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் மெழுகு இந்த மூன்றில் பாதுகாப்பானது. ஆண்டுக்கு ஓரிரு முறை மீண்டும் பூச வேண்டும், ஆனால் தேவைப்பட்டால் முழுவதும் நீக்கிவிடலாம். நாளை நம்மைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் வந்தால், அவருக்கும் வழி திறந்திருக்கும்.

எதில் சமரசம் கூடாது?

உயிர் சம்பந்தப்பட்ட எதிலும் பழமை பார்க்கக் கூடாது. இந்த டிரக்குகளின் பிரேக்கில் ஒரே சர்க்யூட்தான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 1949 முதல் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. அதனால் பிரேக், எரிபொருள் குழாய், ஒயரிங், டயர் எல்லாம் புதிதாகவே இருக்க வேண்டும். சேஸியோ தரைத்தகடோ ஓட்டை விழுந்திருந்தால், வெட்டி எடுத்து வெல்டிங் செய்தே ஆக வேண்டும். அது பட்டினா அல்ல, ஆபத்து.

போலியும் உண்டு

பட்டினாவுக்கு மதிப்புக் கூடியதும், உப்பும் வினிகரும் தெளித்துத் துரு ‘தயாரிப்பதும்’ வந்துவிட்டது. கண்டுபிடிக்க ஒரு வழி: நிஜத் தேய்மானத்துக்குக் காரணம் இருக்கும். வெயில் விழும் கூரையும் பானெட்டும் அதிகம் வெளிறும். கை, கால் படும் இடம் தேயும். காரணமே இல்லாத இடத்தில் ‘அழகாக’த் துரு இருந்தால் சந்தேகப்படலாம்.

நமக்கு என்ன?

இந்தியாவில் 2021இல் வந்த விதிப்படி, 50 வயதைக் கடந்த இருசக்கர வாகனங்களையும் கார்களையும் ‘வின்டேஜ்’ எனப் பதிவு செய்யலாம். சேஸி, பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சரக்கு வண்டிகளுக்கு இது பொருந்தாது. ஆனால், தாத்தா ஓட்டிய ஸ்கூட்டரோ காரோ வீட்டில் நின்றால், மெக்கானிக்கிடம் விடும் முன் யோசிக்கலாம். கடலோர ஊர்களில் உப்புக்காற்று துருவை வேகப்படுத்தும் என்பதால், கூரையும் மெழுகும் அவசியம்.

பெயின்ட் கடை நாளைக்கும் திறந்திருக்கும். அவசரப்பட வேண்டியதில்லை.