அத்தையும் பூனையும்

'பிள்ளையில்லாத குறைக்குப் பூனை வளர்க்கிறா' என்று சொல்லிவிடுவது சுலபம். சில்வியா டவுன்சென்ட் வார்னரின் 'லாலி வில்லோஸ்' நாவல் (1926) இந்தச் சொல்லாடலையே கவிழ்க்கிறது.

கல்யாணமாகாத லாரா, அப்பா இறந்ததும் 28 வயதில் லண்டனிலுள்ள அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். குழந்தைகள் வாயில் 'லாலி' ஆகிறாள். சொந்தப் பேரும் போயிற்று. சுமார் இருபது வருஷம் சம்பளமில்லாத அத்தை உத்தியோகம். 47 வயதில், அண்ணன் தடுத்தும், கிரேட் மாப் என்னும் கிராமத்துக்குத் தனியே போகிறாள். பின்னாலேயே இன்னொரு அண்ணன் மகன் வந்துசேர, பழைய உத்தியோகம் மறுபடி ஆரம்பிக்கிறது. அப்போதுதான் பூனைக்குட்டியொன்று அவள் கையில் ரத்தம் வரவைக்கிறது. சாத்தானோடு உடன்படிக்கை ஆகிவிட்டதென்றே அவள் கொள்கிறாள்.

தீய ஆவிக்குத் தீனி போடுவதையும் குற்றமாக்கியது 1604ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம். குடும்பத்துக்குள் பெண் சோறு போட்டால் கடமை. வெளியே போட்டால் சூனியம். பூனை இங்கே பிள்ளைக்குப் பதிலி அல்ல. அவளை 'அத்தை' என்று கூப்பிடாத உயிர், அவ்வளவுதான்.

ஆனாலும் லாரா எஜமானனை மாற்றிக்கொண்டாளே தவிர, எஜமானன் இல்லாமல் போகவில்லை. சாத்தானும் ஆண்தான். ஒரே வித்தியாசம், அவன் அவளை ஏவுவதில்லை, சும்மா விட்டுவிடுகிறான். சும்மா இருப்பதற்கே ஒரு பெண் சாத்தானிடம் போக வேண்டியிருந்தால், குடும்பம் என்பதற்கு என்னதான் அர்த்தம்?