நோய்க்கு மனிதரின் பெயர்

பார்க்கின்சன், ஹாட்ஜ்கின், ஆல்ஸைமர் ஆகியவை மருத்துவர்களின் பெயர்கள் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. அவை நோய்களின் பெயர்களாகவே வழங்குகின்றன. ஒரு நோயை முதலில் தெளிவாக விவரித்தவரின் பெயரை அந்நோய்க்கே இடும் இவ்வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவத்தில் வேரூன்றியது. நோயின் தன்மையைக் கூறும் பெயரே சிறந்தது என்ற கருத்து பின்னர் வலுப்பெற்றது. புதிய நோய்களுக்கு மனிதர், ஊர் ஆகியவற்றின் பெயர்களைத் தவிர்க்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. ஆயினும், காரணம் புலப்படுமுன்பே காரணத்தைச் சுட்டும் பெயரைச் சூட்டுவதிலும் இடர் உண்டு. கேரளத்தில் மிகுதியாகக் காணப்பட்ட இரு நோய்கள் இதற்குச் சான்றாகும்.

முதலாவது இதயத்தைப் பற்றியது. இதயக் கீழறைகளின் உட்சுவரில் நார்த்திசு தடித்துப் படிவதால், அறைகள் விரிந்து இரத்தத்தை ஏற்க இயலாமற் போகின்றது. கால் வீக்கம் அதிகமின்றி வயிறு மட்டும் நீர் கோத்துப் பருத்திருப்பது இதன் குறிகளுள் ஒன்று. நோயுற்றோரில் பெரும்பாலோர் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த சிறுவரும் இளைஞருமே. உகாண்டாவில் பணியாற்றிய நோய்க்குறியியல் அறிஞர் ஜே.என்.பி. டேவிஸ் 1948-இல் விவரித்தமையால் இது டேவிஸ் நோய் எனப்பட்டது. திருவனந்தபுரத்தில், 1980-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இந்நோயைத் தன் முக்கிய ஆய்வுப் பொருளாக ஏற்றது. அதன் முதல் இயக்குநரும் இதய அறுவை மருத்துவருமான எம்.எஸ். வலியத்தான், தடித்த உட்படலத்தை அறுத்து நீக்கும் சிகிச்சையை மேற்கொண்டதோடு நில்லாது, நோயின் மூலத்தையும் தேடினார். கேரளக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட் கனிமத்தில் சீரியம் என்னும் தனிமம் உண்டு. உடலில் மக்னீசியம் குறைந்த நிலையில் சீரியம் மிகுவது இதயத்தைத் தாக்கக்கூடும் என்பது அவரும் அவருடன் பணியாற்றியோரும் முன்வைத்த கருதுகோள். அது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்படவில்லை. இதற்கிடையே, வாழ்க்கைத் தரம் உயர உயர நோயே கேரளத்தில் அருகி வந்தது. ஆய்வுக்கூடம் விடை காணுமுன் ஊட்டமும் துப்புரவும் முந்திக்கொண்டன போலும்.

இரண்டாவது, கணையத்தில் சுண்ணாம்புக் கற்கள் தோன்றும் நோய். சிறு வயதில் வயிற்று வலியாகத் தொடங்கி, இளமையிலேயே நீரிழிவில் முடிவது இதன் இயல்பு. இந்தோனேசியாவில் ஸூய்டெமா 1959-இல் இதனை விவரித்தார். கேரளத்தில் பி.ஜே. கீவர்கீஸ் பெருந்தொகையான நோயாளரை ஆராய்ந்து 1968-இல் தனி நூலே வெளியிட்டார். எனினும் நோய்க்கு அவர் பெயர் நிலைக்கவில்லை. முதலில் எழுதியவருக்குக் கிட்டும் பெருமை, நெடுங்காலம் உழைத்தவருக்குக் கிட்டுவதில்லை என்பது இவ்வழக்கத்தின் குறையாகும்.

கேரள மக்களின் உணவான மரவள்ளிக்கிழங்கின் மீது முதலில் ஐயம் விழுந்தது. ஆனால் மரவள்ளி உண்ணாத பகுதிகளிலும் நோய் காணப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 1985-இல் இதனை ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவு என்ற வகையில் சேர்த்தது. நோயாளி மெலிந்திருப்பது நோயின் காரணமா, விளைவா என்ற வினா அப்போது தீர்ந்திருக்கவில்லை. பெயரோ அதனைத் தீர்ந்ததாகக் காட்டியது. 1999-இல் அவ்வகை கைவிடப்பட்டு, இந்நோய் கணைய நோய்களால் விளையும் நீரிழிவுகளுள் வைக்கப்பட்டது. பின்னர் மரபணுத் தொடர்பும் வெளிப்பட்டது. டேவிஸ் என்ற பெயர் காரணம் பற்றி எதுவும் கூறவில்லை. ஆகவே அது தவறவும் இல்லை.

மனிதரின் பெயர் நோயாளிக்குக் காப்பாக அமைந்த நிகழ்வும் உண்டு. தொழுநோய்க் கிருமியை 1873-இல் கண்டறிந்த நார்வே மருத்துவர் ஹான்சனின் பெயரால் அந்நோயை அழைப்பது, பழைய சொல்லோடு ஒட்டிய இழிவைக் களையும் நோக்குடையது. இழிவு சொல்லளவில் நின்றதன்று. தொழுநோயை மணவிலக்குக்குரிய காரணங்களிலிருந்து நீக்க இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது.

மருத்துவமனைப் பதிவேடுகளுக்கு அடிப்படையான பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில், கேரளத்து இதய நோய் ஐ 42.3 என்ற குறியீட்டின் கீழ் வருகின்றது. அங்கு அதற்கு டேவிஸின் பெயர் இல்லை. வெப்ப மண்டலம் என்ற அடைமொழியே உள்ளது. அதே குறியீட்டின் கீழ், 1936-இல் இதையொத்த நோயை விவரித்த ஸ்விட்சர்லாந்து மருத்துவர் லோஃப்ளரின் பெயர் மட்டும் நீடிக்கின்றது.